ஆங்கிலம் கற்றோரின் நோக்கும் கற்பித்தோரின் நோக்கும்: வேலூர் வட்டார வரலாற்றில் ஒரு பக்கம்

அந்நிய மொழியைக் கற்போனை உந்துவது யாது என்னும் வினாவுக்குக் கனடாவில் ஆய்வு நடத்திய கார்ட்னரும் லாம்பர்ட்டும் 1959-இல் இருவகை விடை கண்டனர். பயன் கருதிக் கற்றல் ஒன்று. அம்மொழி பேசும் மக்களோடு நெருங்க விரும்பிக் கற்றல் மற்றொன்று. வேலூர் வட்டாரத்துக்கு இப்பாகுபாடு போதுமா என ஆராய்வோம்.

1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காட்டு மிஷன், மக்களின் மொழியில் நற்செய்தி கூறுவதையே தன் தலையாய பணியாகக் கொண்டது. கிறிஸ்தவரல்லாதார்க்கு ஆங்கிலப் பள்ளி நடத்துவதில்லை என்பது அதன் தொடக்ககாலக் கொள்கை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், கடைவீதிப் பிரசங்கிமாருக்கெனத் தமிழில் ஒரு நூலே எழுதினார். கேட்போரை நெருங்குவதற்காக மொழி கற்றவர்கள் இவர்கள்.

கேட்போர் நாடியதோ வேறொன்று. ஆங்கிலம் கற்றோர்க்கே அரசுப் பதவியில் முதலிடம் என 1844-இல் வங்காளத்தில் ஹார்டிஞ்சு பிரபு வகுத்த நெறியின் வேகம் சென்னை மாகாணத்தையும் பற்றிற்று. மிஷன் இறங்கிவந்தது, 1898-இல் வேலூரில் ஊரிசு கல்லூரி தோன்றிற்று. இதனைக் கொள்கைத் தளர்ச்சி என்பாருமுண்டு. மக்களின் விருப்பத்துக்குச் செவிசாய்த்தது எனக் கொள்வதே எமக்கு நேரிதாகத் தோன்றுகிறது.

பதவி மட்டுமே பயனன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல், சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியே இலண்டன் ஏலத்துக்குச் சென்றது. இல்லத்தில் உருதும் சந்தையில் தமிழும் பேசிய வணிகர் பலருக்குக் கணக்கும் கடிதமும் ஆங்கிலத்தில் வேண்டியிருந்தன. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. அந்நியரோடு ஒன்றிவிட அவர்கள் கற்கவில்லை. தம் சமூகத்தை நிலைநிறுத்தவே கற்றனர்.

மேற்சொன்ன இருவகையிலும் அடங்காத நோக்கம் ஒன்றும் உண்டு. அஃது மறுமொழி கூறும் வேட்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரிசு கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்ற மாணவர் இராதாகிருஷ்ணன். இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவ ஆசிரியர் எழுப்பிய குறைகளே தம்மை அதன் ஆய்வுக்குத் தூண்டின என அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1908-இல், வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்ற கூற்றை மறுத்து, மிஷன் வகுப்பறைகளில் பெற்ற ஆங்கிலத்திலேயே தம் முதுகலை ஆய்வுரையை வெளியிட்டார். அவருடைய ஆசிரியரும் மிஷனெரியுமான ஏ. ஜி. ஹாக் அவ்வாய்வைப் பாராட்டிச் சான்றளித்தார்.