வருமான வரிக்கு மாற்று வரி (இந்தியா)

ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு விதிக்கும் வரியை நீக்கிவிட்டு, நாடு முழுவதும் சுலபமாக வசூலிக்கக்கூடிய ஒரே வரியை அதன் இடத்தில் வைக்கும் திட்டங்கள் இத்தலைப்பில் அடங்கும். உரிமக் கட்டணம், செலவு வரி, வங்கிப் பரிவர்த்தனை வரி ஆகிய மூன்றும் இந்தியாவில் வெவ்வேறு காலங்களில் இந்த இடத்துக்கு முழுமையாகவோ பகுதியாகவோ முன்மொழியப்பட்டன. முதல் இரண்டும் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தன. வருமான வரியை எடுத்துவிட்டுப் பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிய யோசனை அன்று. 1865-லும் 1873-லும் அது உண்மையாகவே கைவிடப்பட்டது. அப்போது அந்தச் சுமை யார் தோளுக்கு மாறியது என்பதே இப்பொருளில் முதலில் அறிய வேண்டியது.

1860-ஆம் ஆண்டு வரியும் சென்னையின் எதிர்ப்பும்

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவால் இந்திய அரசின் கஜானா கடனில் மூழ்கியது. அதைச் சரிசெய்ய லண்டனிலிருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன். ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கியவர் இவரே. 1859 இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்து, 1860 பிப்ரவரியில் தம் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தார். அதன் விளைவான வருமான வரிச் சட்டம் அதே ஆண்டு ஜூலை 24 அன்று ஒப்புதல் பெற்றது. அந்த நாளே இன்றும் வருமான வரித் துறையின் விழா நாள்.

ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய்க்குள் வருமானம் உள்ளவருக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். நில வருமானம், தொழிலும் வியாபாரமும், கடன் பத்திரங்கள், சம்பளமும் ஓய்வூதியமும் என நான்கு இனங்களாக வருமானம் பிரிக்கப்பட்டது. பிற்காலத்தவர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு: நில வருமானமும் அன்று இவ்வரிக்கு உட்பட்டிருந்தது.

சென்னை மாகாணத்தைப் பொறுத்தவரை, வருமான வரியே ஒரு மாற்று வரியாகத்தான் நுழைந்தது. நவாபுகளின் காலத்திலிருந்து இங்கே மொதர்பா என்ற தொழில் வரி இருந்து வந்தது. நெசவாளரின் தறிக்கு, செக்குக்கு, கடைக்கு, கைத்தொழிலுக்கு எனத் தனித்தனியே விதிக்கப்பட்ட வரி அது. மாவட்டத்துக்கு மாவட்டம் அளவு மாறும். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். மான்செஸ்டர் துணி வந்து குவிந்து தறிகள் நின்ற காலத்திலும் இந்த வரி நிற்கவில்லை. வங்காளம் எப்போதோ இதைக் கைவிட்டிருக்க, சென்னை நெசவாளர் மட்டும் 1860-களின் தொடக்கம் வரை கட்டிக்கொண்டிருந்தனர். கைத்தொழிலாளரைக் கசக்கிய இந்தப் பழைய வரி மறைந்ததற்கு வில்சனின் புதிய ஏற்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவல்யன் இவ்வரியை முழு மூச்சாக எதிர்த்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தவர் அவர். அவருடைய வாதம் தெளிவானது. பற்றாக்குறைக்குக் காரணம் படைச் செலவு. அதைக் குறைத்தால் புதிய வரி தேவையில்லை. மக்களின் வீட்டுக் கணக்கைத் துருவும் வரி, அடங்கியிருக்கும் வெறுப்பைக் கிளறிவிடும். கீழ்நிலை அதிகாரிகள் கையில் அது லஞ்சத்துக்கு வாய்ப்பாகும். இதைக் குறிப்பாக எழுதி கல்கத்தாவுக்கு அனுப்பியதோடு நிற்காமல், பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். ஓர் ஆளுநர் மத்திய அரசின் வரியை வெளிப்படையாகக் கண்டிப்பதை லண்டன் பொறுக்கவில்லை. இந்திய விவகார அமைச்சர் சர் சார்லஸ் வுட் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

பின்னர் நடந்தவை வேகமானவை. டிரெவல்யனுக்குப் பதிலாக வந்தவர் இலங்கையில் ஆளுநராக இருந்த சர் ஹென்றி வார்டு. பதவியேற்ற சில வாரங்களில், 1860 ஆகஸ்ட் 2 அன்று காலராவில் சென்னையிலேயே இறந்தார். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, வில்சனும் கல்கத்தாவில் சீதபேதியால் இறந்தார். தாம் கொண்டுவந்த வரி வசூலாவதை அவர் பார்க்கவில்லை. பிந்திய ஆண்டுகளில் 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு கிடைத்தது, விகிதமும் 3 சதவீதமாகக் குறைந்தது. டிரெவல்யன் நிதி உறுப்பினராக மீண்டும் இந்தியா வந்தார். ஐந்தாண்டுச் சட்டமான இது 1865-இல் காலாவதியானபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான். நீட்டிக்கவில்லை.

உரிமக் கட்டணமும் உப்பும்

வருமான வரி போன இரண்டே ஆண்டில் பணத் தட்டுப்பாடு வந்தது. 1867-இல் தொழில்களுக்கும் உத்தியோகங்களுக்கும் உரிம வரி, 1868-இல் சான்றிதழ் வரி என்று பெயர் மாற்றி மாற்றிப் பார்த்தபின், 1869-இல் வருமான வரியே திரும்ப வந்தது. அரசப் பிரதிநிதி நார்த்புரூக் காலத்தில், 1873-இல், அது மீண்டும் விடப்பட்டது.

அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். இனி வரும் பஞ்சங்களுக்கு நிதி சேர்க்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது கையில் வருமான வரி இல்லை. எனவே 1878-இல் வியாபாரிகள், கைவினைஞர் மீது உரிம வரி விதிக்கப்பட்டது. சம்பளம் வாங்கும் அதிகாரிக்கும், வக்கீலுக்கும், டாக்டருக்கும் அதில் பங்கில்லை. செட்டியாரும் தச்சரும் கட்ட, கலெக்டர் கட்டவில்லை. அதே வேளையில் சென்னை மாகாணத்தின் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. மணங்குக்கு 11 அணா கூடுதல். பஞ்சத்தில் உயிர் தப்பியவனின் கஞ்சியில் விழும் உப்புக்கு இந்த வரி. உப்பு வரியைப் போல எளிய வரி உலகில் இல்லை: கணக்குப் புத்தகம் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம், அளத்திலேயே பிடித்துவிடலாம். அந்த எளிமையின் விலையை ஏழை கொடுத்தான்.

1886-இல், அரசப் பிரதிநிதி டஃபரின் ஆட்சியில், வருமான வரி நிலையாகத் திரும்பியது. 500 முதல் 2,000 ரூபாய் வரை ரூபாய்க்கு 4 பை, அதற்கு மேல் 5 பை. உரிம வரி தப்பவிட்ட அதிகாரிகளும் வக்கீல்களும் இதில் வந்தனர். விவசாய வருமானம் மட்டும் விலக்கப்பட்டது. நிலவரி ஏற்கெனவே இருக்கிறது என்று காரணம் சொல்லப்பட்டது. இச்சட்டம் 1918 வரை நீடித்தது. அதன்பின் 1922-ஆம் ஆண்டுச் சட்டமும் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன.

செலவு வரி

கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டர் 1956-இல் இந்திய அரசின் அழைப்பில் வந்து வரிச் சீர்திருத்த அறிக்கை அளித்தார். ஒருவர் சமூகத்துக்குச் சேர்ப்பது வருமானம், சமூகத்திலிருந்து எடுப்பது செலவு. எடுப்பதற்கே வரி விதிப்பது நியாயம் என்பது அவர் கொள்கை. வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதமாகக் குறைத்து, அத்துடன் செல்வ வரி, நன்கொடை வரி, மூலதன ஆதாய வரி, செலவு வரி ஆகியவற்றைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே படிவம் வைக்கலாம் என்றார். ஒருவர் விற்றது இன்னொருவர் வாங்கியதாக அதே படிவங்களில் பதிவாகும், ஒளிக்க இடமிராது.

நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957-இல் செலவு வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவழிப்பவருக்கே வரி. விகிதம் 10 சதவீதத்தில் தொடங்கி 100 சதவீதம் வரை ஏறும். சட்டம் 1958 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அவர் பதவியில் இல்லை; முந்த்ரா பங்கு முதலீட்டு விவகாரத்தால் பிப்ரவரியிலேயே விலகியிருந்தார். கால்டர் கேட்ட அளவுக்கு உச்ச விகிதம் குறையவும் இல்லை. கல்யாணச் செலவு, பெற்றோர் பராமரிப்பு, வைத்தியம், வழக்குச் செலவு என்று கழிவுகள் நீண்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, வருமானம் 36,000 ரூபாயைத் தாண்டியவருக்கே செலவு வரி என்று வைத்ததால், முதலில் வருமானத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வருமானத்தை மறைத்தவர் செலவு வரியிலிருந்தும் தப்பினார். கொள்கை தோற்கவில்லை, சட்டம் எழுதிய விதம் அதைத் தோற்கடித்தது.

1962-இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் இந்த வரியை நீக்கினார். 1964-இல், மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரியே மீட்டார். 1966-இல் நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி இறுதியாக நீக்கினார். கால்டரின் ஆலோசனையில் இலங்கையும் 1959-இல் செலவு வரி விதித்து 1963-இல் கைவிட்டது. ஹோட்டல் செலவுக்கு 1987-இல் வந்த அதே பெயருள்ள வரி இதனோடு தொடர்பற்றது.

வங்கிப் பரிவர்த்தனை வரி

1970-களின் தொடக்கத்தில் உச்ச வருமான வரி, மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதத்தைத் தொட்டது. வருமான வரியே வேண்டாம் என்ற எண்ணம் வலுத்ததற்கு அந்தக் காலத்தின் கசப்பும் காரணம். மகாராஷ்டிரத்தின் அர்த்தகிராந்தி அமைப்பும் அதைச் சேர்ந்த அனில் போக்கிலும் முன்வைக்கும் திட்டத்தின்படி, இறக்குமதித் தீர்வை தவிர எல்லா வரிகளையும் நீக்கிவிட்டு, வங்கிக் கணக்கில் வரவாகும் தொகைக்கு ஒரு சிறு சதவீதம் பிடித்துக்கொள்ள வேண்டும். 2014 தேர்தலுக்கு முன் பாரதிய ஜனதா கட்சியிலும் இது பேசப்பட்டது.

படிவமற்ற வரி என்பது இதன் கவர்ச்சி. ஆனால் ஈரோட்டுச் சந்தைக்கு வரும் ஒரு துணியை எடுத்துக்கொள்வோம். பஞ்சு 30 ரூபாய், நூல் 50, துணி 70, மொத்த வியாபாரியிடம் 80, கடையில் 100 என்று கைமாறினால், 2 சதவீதப் பிடித்தம் ஐந்து முறை விழுந்து 6 ரூபாய் 60 காசு ஆகும். பஞ்சை வாங்கித் தானே நூற்று, நெய்து, தன் கடையிலேயே விற்கும் பெரிய நிறுவனத்துக்கு இரண்டே பிடித்தம்: 2 ரூபாய் 60 காசு. சிறு தறிக்காரர் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள ஜிஎஸ்டியில் உள்ள வழி இதில் இல்லை.

பிரேசில் 1997 முதல் 2007 வரை இத்தகைய வரியை 0.38 சதவீதம் வரை வசூலித்தது. அது பிற வரிகளுக்கு மேல் ஒன்றாகவே இருந்தது, எதையும் நீக்கவில்லை. இந்தியாவில் 2005-இல் நிதியமைச்சர் ப. சிதம்பரம், சேமிப்புக் கணக்கு அல்லாதவற்றிலிருந்து பெருந்தொகையை ரொக்கமாக எடுப்பதற்கு 0.1 சதவீத வரி விதித்தார். கறுப்புப் பணத்தின் தடத்தைப் பிடிப்பதே அதன் நோக்கம். 2009-இல் அது நீக்கப்பட்டது.

இன்றைய நிலை

2020-இல் பெரும்பாலான கழிவுகளற்ற புதிய வரிமுறை வந்தது. 2025 முதல் அதில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 819 பிரிவுகளை 536 ஆகச் சுருக்கிய வருமான வரிச் சட்டம் 2025 இயற்றப்பட்டது. அது 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. 1886-இல் விலக்கப்பட்ட விவசாய வருமானம் அதிலும் விலக்காகவே உள்ளது.