ஆராய்ச்சி மணியும் ஏழையின் கையும்

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்ததையும், கன்றை இழந்த பசு அதனை அசைத்து நீதி பெற்றதையும் நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். இக்காலத்து நீதிமன்றத்திற்கும் அத்தகைய மணி உண்டு. ஆனால் சட்ட நுணுக்கம் அறியாதவனும், வக்கீல் கட்டணம் செலுத்த இயலாதவனும் அதன் கயிற்றை எட்டுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு மும்பை மாநகரம் விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

அந்நாளைய பம்பாயில் 1924ஆம் ஆண்டு சட்ட உதவிச் சங்கம் ஒன்று தோன்றிற்று. அதன் பணி நற்பணியே. ஆயினும் அது ஈகையாக அளிக்கப்பட்டதேயன்றி, ஏழை உரிமையோடு கேட்டுப் பெறக்கூடியதாக இருக்கவில்லை. 1949இல் பம்பாய் அரசு, நீதிபதி என். எச். பகவதி தலைமையில் குழு அமைத்து இதனை ஆராயச் செய்தது. 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 39-ஏ பிரிவு, வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு இலவசச் சட்ட உதவி அளிக்குமாறு அரசைப் பணித்தது.

பம்பாய்க் காவல் நிலையங்களில் அடைபட்ட பெண்களின் துயரைப் பத்திரிகையாளர் ஷீலா பர்ஸே ஒரு கடிதத்தில் எழுதினார். உச்ச நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. எவரையேனும் கைது செய்தால், அண்மையிலுள்ள சட்ட உதவிக் குழுவிற்குப் போலீசார் உடனே அறிவித்தல் வேண்டும் என்று 1983இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி பி. என். பகவதி, 1949ஆம் ஆண்டுக் குழுத் தலைவரின் மைந்தர்.

நம் தமிழர் ஒருவரின் வழக்கும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. சேலத்தில் நிலமற்ற கூலியாளாயிருந்த அவர், மழை பொய்த்து வேலையற்றுப் போய் 1961இல் பம்பாய் வந்தார். நடைபாதையில் அவர் இட்டிருந்த குடிசை 1981 ஜூலையில் தகர்க்கப்பட்டது. குடும்பத்தோடு சேலத்திற்குப் பஸ் ஏற்றி அனுப்பினர். மனைவி மக்களை ஊரில் விட்டு, பிழைப்பு நாடி அவர் மட்டும் திரும்பி வந்தார். அவரும், மற்றொரு நடைபாதைவாசியும், பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் உச்ச நீதிமன்றத்தை நாடினர். வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பாயிற்று. நடைபாதைக் குடிசைகளை அகற்றும் அதிகாரத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. முன்னறிவிப்புத் தருவதே முறை என்றது.

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் முதலியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். ஏனையோருக்கு வருமான வரம்பு உண்டு. கிராமத்தார் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்.

கயிறு இப்போது தாழ இறங்கியிருக்கிறது. ஆயினும் அது இருப்பதை அறியாதவனுக்கு அதனால் பயனில்லை. சேலத்துக் கூலியாளுக்கும் அருகில் நின்று வழிகாட்ட ஒருவர் வேண்டியிருந்தது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம், ஊரிலுள்ள உறவினரோடு பேசும்போது, மழையையும் விளைச்சலையும் விசாரிப்பதோடு இச்செய்தியையும் சொல்லி வைப்போமாக.