குஜிலியம்பாறைச் சீமையும் மாலைக் கோயில்களும்

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் கரூர் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் குஜிலியம்பாறை. பழனிக்கும் திருவரங்கத்துக்கும் யாத்திரை செல்லும் அன்பர்களுள் இவ்வூரில் இறங்குவோர் மிகச் சிலரே. "அங்குக் காண யாது உளது?" என்று வினவுவோரே பலர். வற்றாத ஆறு இல்லை; வானளாவும் கோபுரமும் இல்லை. செம்மண் புன்செய், கரும்பாறை, பனை, முருங்கை, ஆட்டுக்கிடை, தொலைவில் நீலம் பூத்த கடவூர் மலைத்தொடர் ஆகிய இவையே கண்ணுக்குப் புலப்படுவன. சாலையிலிருந்து பார்ப்போருக்கு இவ்வளவுதான்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் கதையைப் பலரும் எழுதியுள்ளனர். 1755-இல் ஐதர் அலி அங்குப் பௌஜ்தாராக வந்ததும், 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அச்சீமை கும்பினியார் வசமானதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆயின் கோட்டையைச் சுற்றி வாழ்ந்த குடிகள் யாரை வணங்கினர், எதைப் பெருஞ்செல்வமாகப் போற்றினர் என்பதனைக் கோட்டைச் சுவர் உரைக்காது. அதனை அறிய விழைவோர் வடக்கே இச்சீமைக்கு வரல் வேண்டும்.

இங்கு வாழும் குடிகளுள் இராஜகம்பளத்து நாயக்கர் ஒரு பெருங்கூட்டத்தார். விசயநகரப் பேரரசும் மதுரை நாயக்கரும் ஓங்கியிருந்த காலத்தில் தெற்கே வந்து நிலைத்த இவர்கள், இன்றும் இல்லத்தில் தெலுங்கு பேசுவர். குஜிலியம்பாறையை அடுத்த ஊரின் பெயர் பாளையம் என்பதே அப்பழைய ஆட்சிமுறையை நினைவூட்டுகின்றது. இம்மரபினரின் வழிபாட்டிடம் மாலைக் கோயில் எனப்படும். கோயில் என்றதும் விமானமும் மண்டபமும் எதிர்பார்ப்போர் ஏமாறுவர். மறைந்த முன்னோரை நினைந்து நட்ட கற்களே பல இடங்களில் மூலவர்!

இக்கோயில்களைச் சார்ந்து சலகெருது என்னும் தெய்வ மாடுகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றை ஏரில் பூட்டுவதில்லை. மாலை தாண்டும் விழாவன்று பல மந்தைகளின் மாடுகள் ஒன்றுகூடும். வந்த மந்தையை விழா நடத்துவோர் முறைப்படி வரவேற்பர், உறுமி முழங்கும், ஆடவர் தேவராட்டம் ஆடுவர். பின்னர் மாடுகளைத் தொலைவில் உள்ள எல்லைக்கு ஓட்டிச் சென்று, அங்கிருந்து கோயிலை நோக்கி ஓடவிடுவர். இதனைச் சல்லிக்கட்டென எண்ணுதல் பிழை. இங்கே எவரும் திமிலைப் பற்றுவதில்லை. மாட்டை அடக்குவதும் இல்லை. புழுதி எழ ஓடி, முதலில் எல்லையைத் தாண்டும் மாட்டின்மேல் கன்னிப் பெண்கள் மஞ்சட்பொடி தூவுவர். பரிசோ ஓர் எலுமிச்சங்கனி. பொற்கிழி தருவோர் மலிந்த இந்நாளில், அக்கனியைப் பெறுவதற்கே ஒரு மந்தையினர் ஆண்டு முழுதும் மாடு பேணுகின்றனர் என்பது வியப்பினும் வியப்பு.

மேய்ச்சற்காடு வேலிக்குள் அடங்குமாயின் மந்தை சுருங்கும். மந்தை சுருங்கினால் கல் மட்டும் எஞ்சும். திருப்பணி என்னும் நல்லெண்ணத்தாலும் இடர் நேர்வதுண்டு. சுதைமண்டபம் எழுப்புவோர் பழைய நடுகல்லின்மேல் வண்ணம் பூசிவிட்டால், அதில் செதுக்கிய உருவத்தை எவர் அறிவார்? குடமுழுக்குக் காண்போர் இதனைச் சற்றே சிந்தித்தல் தகும்.

கிழக்கே உள்ள கடவூர் மலைக்காட்டில் மற்றொரு குடியும் உண்டு. அது தேவாங்கு. உள்ளங்கையில் அடங்கும் உடலும் அகன்ற கண்களும் உடைய இவ்வுயிர், பகலெல்லாம் மரக்கிளையில் துயின்று இரவில் பூச்சிகளைத் தேடி உண்ணும். அதனால் உழவருக்கு நன்மையே. ஆயினும் மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் என மாந்தர் இதனைப் பிடித்து வதைத்தனர். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. இந்தியாவில் இவ்வுயிருக்கென அமைந்த முதற் சரணாலயம் இதுவே.

திண்டுக்கல்–கரூர் இருப்புப்பாதையில் பாளையம் நிலையத்தில் இறங்கினால் குஜிலியம்பாறை அண்மையது. மாலை தாண்டும் விழாவுக்கு ஊர்தோறும் நாள் வேறு. ஊர்ப் பெரியோரைக் கேட்டறிந்து செல்வதே முறை.