நம் மலையில் இலை நிறம் மாறுவது எப்போது?



ஐப்பசி பிறந்தால் போதும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிவப்பும் மஞ்சளுமான மரங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்கக் கண் குளிர்ந்துதான் போகிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கிருப்பவர்களும், "சார், குற்றால மலையில் இப்படி நடந்து போய்ப் பார்க்க இடம் இருக்கா? எந்த மாசம் போகலாம்?" என்று கேட்கிறார்கள். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மாதக் கணக்கு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதாகப் பிரித்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இதில் 'இலையுதிர் காலம்' என்று ஒன்று இருக்கிறதா? இல்லை. ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் நான்கு பருவங்களைத் தமிழில் சொல்ல வந்தபோது புழக்கத்துக்கு வந்த சொல் அது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று மாதத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிட்டோம். நம்மூரில் அந்த மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பிடிக்கிறது. மலை கரும்பச்சையாக நிற்கிறது. உதிர்வதற்கு நேரம் ஏது?

நான் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பருவங்கள் பாடம் நடக்கும்போது ஒரு சிறுமி எழுந்து, "சார், நம்ம பள்ளிக்கூடத்து வேம்பு மாசியிலதானே கொட்டுது?" என்று கேட்டாள். வகுப்பையே வெளியே கூட்டிப்போய் அந்த மரத்தடியில் வைத்து மீதிப் பாடத்தை நடத்தினேன். அவள் சொன்னது சரி. வேம்பு, அரசு, புங்கு, மலையில் தேக்கு, இலவு எல்லாம் பெரும்பாலும் தைக் கடைசியிலிருந்து பங்குனிக்குள் இலையைக் கொட்டுகின்றன. குளிருக்குப் பயந்து அல்ல, தண்ணீரை மிச்சம் பிடிக்க. மழை நின்று மண் காயும்போது, இலை வழியாக ஆவியாகும் நீரை மரம் நிறுத்திக்கொள்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பகல் குறைந்து குளிர் கூடும்போது பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் அந்த நேரத்தில் புதிதாகச் சிவப்பு நிறமியையும் உண்டாக்குகின்றன.

நம் பக்கத்தில் பெரும்பாலான மரங்களில் அந்தச் சிவப்பு வருவது சாகப்போகும் இலையில் அல்ல, பிறக்கும் இலையில். (வாதுமை மரம் விதிவிலக்கு. அதன் பழுத்த இலை நல்ல சிவப்பு.) மாந்தளிரைப் பாருங்கள், செம்பு நிறம். அரசந்தளிர் இளஞ்சிவப்பு. மலையில் இருக்கும் நாங்கு மரம் தளிர்க்கும்போது தூரத்திலிருந்து பூத்த மாதிரியே இருக்கும், கிட்டே போனால் அத்தனையும் இலை. பச்சையம் ஏறும் முன்பு இளசான இலையைக் கடும் வெயிலிலிருந்து காப்பதற்கு அந்தச் சிவப்பு உதவுகிறது என்கிறார்கள்.

இதைக் கவனித்ததில் நம் ஆட்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சங்கப் பாடல்களில் பெண்ணின் நிறத்துக்கு 'மாமை' என்று ஒரு சொல் வரும். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரை சொல்வார்கள். இன்றும் ஜவுளிக்கடையில் 'மாந்தளிர் கலர்' என்று கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள். ஜப்பானியர் பழுத்த இலையைத் தேடி மலைக்குப் போவதற்கு 'மொமிஜிகாரி' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், இலை வேட்டை என்று பொருள். சுமார் 1000 ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட கெஞ்சியின் கதையில் இலை நிறம் மாறும் காலத்து விழாவின் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. அவர்கள் உதிரும் இலையின் நிறத்தைக் கொண்டாடினார்கள். நாம் தளிரைக் கொண்டாடினோம்.

அப்படியானால் உதிரும் இலையை நம் புலவர்கள் எங்கே வைத்தார்கள்? பாலையில். இலையற்ற மரமும் காய்ந்த வழியும் பிரிவும் சேர்ந்தது பாலைத் திணை. வேனிலோடு பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறது தொல்காப்பியம். பின்பனி என்றால் மாசி, பங்குனி. பள்ளிக்கூடத்து வேம்பு கொட்டுகிற அதே இரண்டு மாதம்! இலக்கணக்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதவில்லை என்பது என் எண்ணம். அந்தப் பருவத்துக் காட்டுவழியில் பொருள் தேடிப் போனார்களே தவிர, வேடிக்கை பார்க்க யாரும் போனதாகப் பாட்டு இல்லை.

மலை ஏறுவதற்கு வழி சொன்ன பாட்டு மட்டும் இருக்கிறது. மலைபடுகடாம், 583 அடி. செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு, இன்றைய செங்கம் பக்கத்து மலைவழியை விவரிக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவன் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, பாசி படிந்த பாறையில் எதைப் பிடித்து இறங்குவது, இரவில் எங்கே தங்குவது என்று ஒவ்வொன்றாக வருகிறது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்றும் சொல்கிறது. இன்றைய மலையேற்ற வழிகாட்டிகளில் இவ்வளவு அக்கறையை நான் கண்டதில்லை.

குற்றாலத்துக்கு வருவோம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் இந்த மலையைப் பாடியது எல்லோருக்கும் தெரியும். 1830-களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞர் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்தது பலருக்குத் தெரியாது. 1838 முதல் 1853 வரை 2100-க்கும் மேற்பட்ட படங்களோடு அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். வண்ணத்தில் வரைந்தார்கள், அச்சிட்டபோது அந்தப் பெரிய நூலில் எல்லாம் கறுப்புக் கோடாகிவிட்டன. நிறம் இருக்கும் மூலப் படங்கள் பல இன்று எடின்பரோவில் இருக்கின்றன. நம் மலையின் இலை நிறத்தைப் பார்க்க ஸ்காட்லாந்துக்கா போவது!

இனி நடைக்கு வருகிறேன். பேரருவியிலிருந்து சிற்றருவி, அங்கிருந்து செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே தேனருவி என்பதுதான் பழைய வழி. சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்கு ஆட்கள் நடந்து போவார்கள். இலை பார்க்கப் போவதாக யாரும் சொல்வதில்லை, ஆனால் மலை தளிர்த்து நிற்கும் நேரம் அது. ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வருவது ஆனி, ஆடிச் சாரலுக்கு. அப்போது மலை முழுக்க ஒரே பச்சை.

மாசி, பங்குனியில் போகலாமா என்றால், கூடாது. காட்டில் காய்ந்த இலையும் புல்லும் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் காலம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அது மாசிக் கடைசி, பின்பனி. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது, அதில் குற்றாலம்–செண்பகாதேவி பாதையும் உண்டு. ஆனால் 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று மூடி வைத்தார்கள். சரியான முடிவு. யாரோ தெரிந்தவர் இருக்கிறார், உள்ளே விட்டுவிடுவார் என்று பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நடக்காமலே ஒரு வழி இருக்கிறது. செங்கோட்டை–புனலூர் ரயில். 1904-ல் போட்ட மலைப்பாதை, அகலப் பாதையாக மாறி 2018-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. மாசிக் கடைசியில் ஒரு நாள் பகல் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். பகவதிபுரம் வரை நம் பக்கத்துக் காய்ந்த மலை. அதைத் தாண்டிக் கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளக் குகை, வெளியே வந்தால் ஆரியங்காவு. அதன்பின் கழுதுருட்டிப் பக்கம் 13 கண் பாலம் வரும், தென்மலை வரை தேக்குங்காடு வரும். தேக்கு மொட்டையாக நிற்கும். ஈரமான மடிப்புகளில் மட்டும் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாகத் தளிர் தெரியும். வண்டி மெதுவாகத்தான் போகும், கவலை வேண்டாம். தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள்.