வயிற்றுவலிச் செய்திகள்

1994இல் எங்கள் தாலுகா ஊரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபரானேன். மாதச் சம்பளம் இல்லை. அச்சான செய்தியை ஸ்கேலால் அளந்து சென்டிமீட்டர் கணக்கில் பணம் தருவார்கள். மலருக்கு விளம்பரம் பிடித்தால் கமிஷன். எழுதியதைக் கவரில் போட்டு மாலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவேன். அச்சில் என் பெயர் இருக்காது. 'நமது நிருபர்' என்றிருக்கும்.

ஆண் நிருபர்கள் ஸ்டேஷனுக்குள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நான் வாசலில் நின்று ரைட்டர் சொல்வதை எழுதிக்கொள்வேன். 'தீராத வயிற்றுவலியால் இளம்பெண் தற்கொலை' என்ற செய்தியை அப்படித்தான் பலமுறை எழுதினேன். ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர்.

ஒருநாள் இறந்துபோன பெண்ணின் தாய் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, எம்பொண்ணுக்கு வயித்துவலின்னு நீ பாத்தியா?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் நிர்வாக நடுவர் விசாரிக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். வரதட்சணை மரணம் தனிக் குற்றமானது 1986இல். 'கோட்டாட்சியர் விசாரணை நடத்திவருகிறார்' என்ற கடைசி வரி அந்தச் சட்டத்தால் வந்தது. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

மறுநாள் கோட்டாட்சியர் அலுவலகம் போனேன். நகைக்காக நடந்த சண்டைகளைப் பற்றித் தாய் சொன்னதை எழுதி அனுப்பினேன். அது வரவில்லை. பையன் வீட்டார் மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர்கள். அந்த விளம்பரத்தைப் பிடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

2002இல் உத்தரப்பிரதேசத்தின் சித்திரகூட் மாவட்டத்தில் 'கபர் லஹரியா' தொடங்கியது. பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்திய அந்த இதழ் புந்தேலி மொழியில் வந்தது. செய்தி சேகரித்தவர்களே எழுதினார்கள், திருத்தினார்கள், ஊர் ஊராகப் போய் விற்றார்கள். 2009இல் அதற்கு யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது கிடைத்தது. அதைப் பற்றிப் படித்தபோது விருதைவிட ஆசிரியர் மேசைதான் என் கண்ணில் பட்டது. எந்த வரியை வெட்டுவது என்பதை அங்கே பெண்களே முடிவு செய்தார்கள். நாங்கள் நிருபராக நுழைந்ததையே வெற்றி என்று எண்ணியிருந்தோம்.

பெண்கள் வரலாற்றுக்காகப் பழைய நாளிதழ்களைப் புரட்டும் மாணவிகள் அந்த நான்கு சென்டிமீட்டர்களை அப்படியே நம்ப வேண்டாம். கோட்டாட்சியர் விசாரணைக் கோப்புகளைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்தச் செய்திகளில் சில நான் எழுதியவை.