இரு வெளியீடுகளுக்கிடையே: லினக்ஸ் நிரலின் மாற்றப் பதிவேடு

வரலாற்று மாணவர் மூலாதாரங்களைக் கல்வெட்டிலும் ஏட்டிலும் தேடிப் பழகியவர். கணனி நிரல்களுக்கும் அத்தகைய மூலாதாரங்கள் உள. ஒரு நிரலின் இரு வெளியீடுகளுக்கிடையில் மாறியது யாது, மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்னும் வினாக்களுக்கு அவையே சான்று பகர்வன.

1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொக்கின்ட் ஆக்கிய முறைமையும், 1980களின் தொடக்கத்தில் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆக்கிய முறைமையும் ஒவ்வொரு கோப்பின் மாற்றங்களையும் தனித்தனியே பேணின. கோப்பு ஒவ்வொன்றுக்கும் வரலாறு இருந்தது. நிரல் முழுமைக்கும் ஒரே வரலாறு இருக்கவில்லை.

லினக்ஸ் கருநிரலை வளர்த்தோர் 2002 வரை மாற்றங்களை மின்னஞ்சலிலேயே அனுப்பினர். அவ்வாண்டு லீனஸ் ரோர்வால்ட்ஸ் பிற்கீப்பர் என்னும் தனியார் முறைமையைக் கைக்கொண்டார். இலவசமாயினும் நிபந்தனைகளுக்குட்பட்ட இவ்வேற்பாட்டைப் பலர் அன்றே எதிர்த்தனர். 2005இல் அன்ட்ரூ ட்ரிஜெல் அதனுடன் உரையாடும் நிரலொன்றை எழுத முற்பட்டதையடுத்து, நிறுவனம் இலவச அனுமதியை மீளப்பெற்றது. ஏப்ரில் தொடக்கத்தில் ரோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய ‘கிற்’ சில நாட்களுக்குள்ளேயே தன் மூலநிரலைத் தானே பேணும் நிலையை எய்திற்று.

கிற்றில் பழைய வெளியீட்டின் பெயரையும் புதியதன் பெயரையும் இடையில் இரு புள்ளிகளிட்டு எழுதினால், இடைப்பட்ட ‘கொமிற்’ பதிவுகள் வரிசையாகத் தோன்றும். ஈண்டு ‘இடைப்பட்ட’ என்பது காலத்தைக் குறிப்பதன்று. அதுவே நமக்குச் சுவையான செய்தி. பின்னையதன் முன்னோராயமைந்து, முன்னையதன் வழியில் இடம்பெறாத பதிவுகளையே அது தருகின்றது. 2005 மே மாதத்தில் ஒருவர் தம் கிளையில் ஒரு திருத்தம் எழுதினார் எனக் கொள்வோம். அது சேராமலே யூனில் 2.6.12 வெளிவருகிறது; யூலையில் திருத்தம் மூலக்கிளையுடன் இணைகிறது. ஓகத்தில் வெளிவந்த 2.6.13 வரையான பட்டியலில் அது மே மாதத் திகதியுடனேயே நிற்கும். திகதியை மட்டும் நம்பித் தேடுபவர் அதனைத் தவறவிடுவார். அரச மரபுகளை ஆட்சியாண்டுகளால் மட்டுமன்றி வமிசாவளியாலும் ஆராய்வோர்க்கு இது புதிதன்று.

2005 ஏப்ரில் 16ஆந் திகதி 2.6.12இன் இரண்டாவது முன்வெளியீடு கிற்றின் முதற் பதிவாக இடப்பட்டது. முந்திய வரலாறு கைவசமிருந்தும், அது ஏறத்தாழ 3.2 கிகாபைற் பருமனுடையதாகையால், ரோர்வால்ட்ஸ் அதனைச் சேர்க்கவில்லை. பணி தடைப்படலாகாது என்ற நெருக்கடி விளங்குகிறது. எனினும் இம்முடிவை முற்றாக மெச்ச என்னால் இயலவில்லை. அதற்கு முன்னெழுதப்பட்டு இன்றும் மாறாதிருக்கும் வரியொன்றின் ஆசிரியரை வினவின், எழுதியவர் எவராயினும் ரோர்வால்ட்ஸின் பெயரே விடையாக வரும்.

அக்களஞ்சியத்தில் 2.6.11க்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆனால் அது கோப்புகளின் நிலையை மாத்திரமே சுட்டுகிறது. அதற்குப் பின் பதிவெதுவும் இல்லை. ஆகவே 2.6.11க்கும் 2.6.12க்கும் உள்ள வேறுபாட்டைக் காணலாம். முதற் பதிவுக்கு முந்திய மாற்றங்களை யார், ஏன் செய்தார் என்பதைக் காணவியலாது. அதனை அறிய விழைவோர், பிற்கீப்பர் காலப் பதிவுகளிலிருந்து பின்னர் பிறர் மீட்டமைத்த வரலாற்றைத் தனியே பெற்று, முதற் பதிவின் பின்னால் தாமே ஒட்டிக்கொள்ள வேண்டும்.