சாக்லேட் இருந்தது, ஸ்டாக் இல்லை

ஈஆர்பி போட்டா கம்பெனியோட சப்ளை செயின் சரியாயிடுமான்னு கேட்டா, என்னை மாதிரி அதை வச்சு சோறு சாப்பிடுறவங்க உடனே "ஆமா"ன்னுதான் சொல்வோம் :-) உண்மையான பதில் "ஆமா, ஆனா...". அந்த "ஆனா"வுக்குள்ள அறுபது வருஷக் கதை இருக்கு.

1960-களுக்கு முன்னாடி, எந்த உதிரி பாகத்தை எப்போ வாங்கணும்னு தொழிற்சாலைகள் எப்படி முடிவு செஞ்சாங்க? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனா மறுபடி ஆர்டர். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா ஒரே ஒரு பாகம் வரலைன்னாலும் மொத்த வண்டியும் நிக்கும். மத்த பாகமெல்லாம் குடோன்ல தூங்கும், போட்ட பணத்தோட சேர்த்து.

அமெரிக்காவின் டிராக்டர் கம்பெனி ஜே.ஐ.கேஸில் வேலை பார்த்த ஜோசப் ஆர்லிக்கி இதை வேற மாதிரி பார்த்தார். எத்தனை டிராக்டர் விற்கும்ங்கிறதை ஊகிக்கத்தான் வேணும். ஆனா 100 டிராக்டர் செய்யறதுன்னு முடிவாயிட்டா, 400 சக்கரம் வேணும்ங்கிறதை ஊகிக்க வேண்டியதில்லை, பெருக்கினா போதும். கையில இருக்கிறதைக் கழிச்சுக்கணும். சப்ளையர் எடுத்துக்கிற நாட்களைக் கணக்குப் பண்ணி, ஆர்டர் தேதியை அந்த அளவுக்கு முன்னாடி தள்ளணும். அவ்வளவுதான் எம்ஆர்பி! ஆயிரக்கணக்கான பாகங்களுக்கு இதைக் கையால போட முடியாது, அதனால கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. 1964-ல் பிளாக் அண்ட் டெக்கர் இந்த முறைக்கு மாறியது. 1975-ல் ஆர்லிக்கி இதைப் புத்தகமாவே எழுதினார்.

அந்தக் கணக்குல "கையில இருக்கிறது" அப்படின்னு ஒரு எண் வருது, கவனிச்சீங்களா? அது தப்புன்னா மிச்சம் எல்லாமே தப்பு. இதை மறந்துடாதீங்க, திரும்ப வருவோம்.

அடுத்து ஜெர்மனி. 1972-ல் ஐபிஎம்-ஐ விட்டு வெளியே வந்த ஐந்து பேர் சேர்ந்து எஸ்ஏபி-யைத் தொடங்கினாங்க. முதல் வாடிக்கையாளர் ஐசிஐ-யின் ஓஸ்ட்ரிங்கன் நைலான் ஆலை. சொந்தமா கம்ப்யூட்டர் கிடையாது, வாடிக்கையாளரோட மெஷின்லயே, பல நாள் ராத்திரியில, புரோகிராம் எழுதினாங்க. அந்தக் காலத்துல பஞ்ச் கார்டுகளை மொத்தமா சேர்த்து வச்சு ஓட்டுவாங்க. இவங்க சொன்னது: தகவல் உள்ளே வந்த அந்த நிமிஷமே கணக்கு மாறணும். 1992-ல் ஆர்/3 வந்தது. சேல்ஸ்ல ஒருத்தர் ஆர்டர் பதிஞ்சா, ஸ்டோர், உற்பத்தி, பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் எல்லாரும் ஒரே எண்ணைப் பார்க்கலாம். நாலு டிபார்ட்மென்ட் நாலு நோட்டு வச்சுக்கிட்டு சண்டை போட வேண்டியதில்லை. சப்ளை செயினுக்கு ஈஆர்பி தர்ற பெரிய பலம் இதுதான்.

இப்போ ஹெர்ஷி. அமெரிக்காவின் பெரிய சாக்லேட் கம்பெனி. 1990-களின் கடைசியில பழைய சிஸ்டங்களைத் தூக்கிட்டு, எஸ்ஏபி, மேனுஜிஸ்டிக்ஸ், சீபல் மூணையும் ஒண்ணா போட முடிவு பண்ணினாங்க. செலவு சுமார் 11.2 கோடி டாலர். 48 மாசம் ஆகும்னு சொன்ன வேலையை 30 மாசத்துல முடிக்கச் சொன்னாங்க. 1999 ஏப்ரல்ல தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போச்சு. ஜூலைங்கிறது ஹாலோவீன் ஆர்டர்கள் குவிய ஆரம்பிக்கிற நேரம்!

நடந்தது என்ன? சாக்லேட் இருந்தது. வாங்க கடைக்காரங்களும் இருந்தாங்க. ஆனா அனுப்ப முடியலை. சீசன் நெரிசல்ல கிடைச்ச காலி இடத்துல எல்லாம் பெட்டிகளை அடுக்கி வைக்கிறது அங்கே பழக்கம். எது எங்கே இருக்குன்னு ஆட்களுக்குத் தெரியும். அந்த இடங்கள் எல்லாம் புது சிஸ்டத்துல பதிவாகலைன்னு அப்புறம் வந்த அலசல்கள் சொல்லுது. கண்ணுக்கு எதிர்ல பெட்டி இருக்கும், திரையில "இல்லை"ன்னு வரும். சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் சரியா போய்ச் சேரலை. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் சரிஞ்சது.

மென்பொருளே மோசம்னு சொல்லிடலாமா? அதே ஹெர்ஷி 2002-ல் எஸ்ஏபி-யின் அடுத்த பதிப்புக்கு மாறினப்போ, நல்லா சோதிச்சு, பட்ஜெட்டுக்கும் குறைவாவே முடிச்சாங்க.

என் கட்சி இதுதான். ஆர்லிக்கியோட கழித்தல் இன்னிக்கும் எல்லா ஈஆர்பி-க்குள்ளயும் இருக்கு. பழைய முறையில தப்பான எண் ஒரு அட்டையோட நின்னுடும். ஈஆர்பி-ல அது ஒரே நொடியில எல்லா டிபார்ட்மென்டுக்கும் போயிடும். அதனால, உங்க கம்பெனியில ஈஆர்பி வருதுன்னா, ஆலோசகர்களோட மீட்டிங் போடறதுக்கு முன்னாடி ஸ்டோர்கீப்பரோட ஒரு நாள் முழுக்க குடோனைச் சுத்திப் பாருங்க. மாடிப்படிக்குக் கீழே அவர் எதை அடுக்கி வச்சிருக்கார்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். முதல்ல அதைப் பதிவு பண்ணுங்க.